நகராத புள்ளி: திருச்செந்தூர் பாதயாத்திரையில் ஏ.பி.ஆர்.எஸ். பயன்படுத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரை என்ன பாடு பட்டது என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் மின்சாரம் போனது, அதைத் தொடர்ந்து கைபேசியும் போனது. யார் எந்த மாடியில் இருக்கிறார்கள் என்று கேட்டு அறியக்கூட வழியில்லை. பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள ஐந்து அமெச்சூர் வானொலிக்காரர்கள் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம்கள்) அதன் பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்து பேசினோம். உரிமம் எல்லோரிடமும் இருந்தது. இரண்டு பேர் வி.யூ.2 (பொது நிலை உரிமம்), மூன்று பேர் வி.யூ.3 (வரம்புள்ள உரிமம்). ஆனால் சேர்ந்து வேலை செய்த பழக்கம் கிடையாது.

பழகுவதற்கு ஒரு களம் தேடியபோது தைப்பூசப் பாதயாத்திரை கிடைத்தது. பாளையங்கோட்டையிலிருந்து ஆண்டுதோறும் கிளம்பும் ஒரு குழுவில் சுமார் 300 பேர். செய்துங்கநல்லூர், கருங்குளம், புதுக்குடி, ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் வழியாகத் திருச்செந்தூர் வரை ஏறக்குறைய 55 கிலோமீட்டர், இரண்டு இரவு நடை. வெள்ளத்தில் துண்டிக்கப்பட்ட அதே பாதை. அவர்களுக்கும் ஒரு தேவை இருந்தது: கூட்டத்தின் தலை எங்கே, வால் எங்கே, தண்ணீர் வேன் எங்கே என்று தெரியாமல் ஒவ்வோர் ஆண்டும் இரவில் திண்டாடுகிறார்கள். தைப்பூச இரவில் அந்தச் சாலையில் கைபேசி கிடைத்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை.

இடத்தைக் காற்றலையிலேயே அனுப்பும் முறைக்கு ஏ.பி.ஆர்.எஸ். என்று பெயர். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பணியாற்றிய பாப் புரூனிங்கா உருவாக்கியது. 1984இல் 100 மைல் குதிரை ஓட்டம் ஒன்றில் குதிரைகள் எங்கே இருக்கின்றன என்று தெரிவிக்க ஒரு வி.ஐ.சி.-20 வீட்டுக் கணினியில் அவர் எழுதிய நிரல்தான் இதன் முன்னோடிகளில் ஒன்று. 1992 வாக்கில் இன்றைய பெயர் வந்தது. வேலை செய்யும் விதம் எளிது. ஜிபிஎஸ் தரும் அட்சரேகை, தீர்க்கரேகையை ஒரு சிறு தரவுப் பொதியாக்கி, உரிமத்தோடு வரும் பெயரான அழைப்புக்குறியை முன்னால் வைத்து, 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளாக மாற்றி, சாதாரண எஃப்.எம். வானொலியில் நொடிக்கு 1200 பிட் வேகத்தில் அனுப்புகிறோம். கேட்பவர் பக்கம் "கிர்ர்" என்று ஒரு சின்ன இரைச்சல்; கணினித் திரையில் ஒரு புள்ளி. வழியில் டிஜிபீட்டர் என்ற நிலையம் இருந்தால் அதே பொதியைத் திரும்ப அனுப்பித் தூரத்தைக் கூட்டும். ஐகேட் என்ற இணைய வாசல் நிலையம் இருந்தால் இணையத்துக்கும் போய்ச் சேரும்.

வந்து சேர்ந்ததா என்று இடம் சொல்லும் பொதி கேட்பதில்லை. அனுப்பும், அத்தோடு சரி.

முன்னேற்பாடு

2025 பிப்ரவரி 9 மாலை கிளம்பி 11ஆம் தேதி தைப்பூசத்தன்று அதிகாலை போய்ச் சேருவது திட்டம். கட்டுப்பாட்டு நிலையம் பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில். அங்கே நான் இருந்தேன். ஆன்டெனா தரையிலிருந்து 18 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு வானொலி அடிவானம், அதாவது அலை நேராக எட்டும் தூரம், சுமார் 17 கிலோமீட்டர்தான். கையில் ஹேண்டியோடு (கையடக்க வானொலி) நடப்பவருக்கு இன்னும் ஐந்து சேர்த்துக்கொண்டாலும், கருங்குளம் தாண்டினால் நம்பிக்கை இல்லை. சமவெளி என்றாலும் வாழைத்தோட்டமும் பனைகளும் ஊர்களும் சேர்ந்து கொஞ்சம் விழுங்கிவிடும். அதனால் புதுக்குடியிலும் குரும்பூரிலும் தெரிந்தவர்கள் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு டிஜிபீட்டர் வைத்தோம். ஒவ்வொன்றும் ஒரு ராஸ்பெரி பை சிறு கணினி, பொதிகளைப் பிரித்தறியும் டயர்வுல்ஃப் மென்பொருள், ஒரு பழைய வானொலி, 12 வோல்ட் பேட்டரி. மின்சாரம் போனாலும் ஓட வேண்டும் என்பதுதானே பயிற்சியே. அலைவரிசைக்கு ஐரோப்பாவில் வழக்கத்தில் உள்ள 144.800 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டோம். பேச்சுக்குத் தனி அலைவரிசை.

நகரும் நிலையங்கள் மூன்று. கூட்டத்தின் தலையில் ஒரு கல்லூரி மாணவி, கையில் ஹேண்டி, அதோடு இணைத்த கைபேசியில் ஏ.பி.ஆர்.எஸ். டிராய்டு என்ற செயலி. தண்ணீர் வேனில் ஒருவர். வாலில் முதலுதவிப் பெட்டியோடு வரும் ஆட்டோவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எங்களுக்கு அண்ணாச்சி. ஐந்தாவது ஆள் டிஜிபீட்டர்களைப் பார்த்துக்கொள்ள.

இங்கே எடுத்த சில முடிவுகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். யாத்திரைக் குழுத் தலைவர், "தம்பி, அந்தப் பெட்டிய எங்க பயலுவ பையில ஆளுக்கொண்ணு போட்டு விடுங்களேன்" என்று கேட்டார். ஆசைதான். ஆனால் உரிமம் இல்லாதவர் பையில் எங்கள் அழைப்புக்குறியோடு தானாக அலை அனுப்பும் கருவியைப் போட்டு அனுப்புவது சரியில்லை என்று மறுத்துவிட்டோம். வருத்தப்பட்டார். அந்த மறுப்பு சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாவது, இணையம். அமெச்சூர் அலையில் எதையும் மறைகுறியாக்கி அனுப்பக் கூடாது, யாரும் கேட்கலாம். ஐகேட் வழியாகப் போனால் உலகமே வரைபடத்தில் பார்க்கலாம். மாணவியின் அப்பா இதைக் கேட்டதும், "ராத்திரி நேரம் பிள்ள எங்க நடக்குன்னு ஊரு உலகம் பூரா பாக்கணுமாக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. மாணவியின் பொதிகளின் பாதையில் (எந்த நிலையங்கள் வழியாகப் போகலாம் என்று எழுதும் பகுதி) "நோகேட்" என்று சேர்த்தோம். அந்தச் சொல் இருந்தால் ஐகேட்கள் இணையத்துக்கு அனுப்பாது. வண்டிகள் இரண்டையும் இணையத்தில் விட்டோம்.

மூன்றாவது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்புவது. வேகத்துக்கும் திருப்பத்துக்கும் ஏற்ப இடைவெளியை மாற்றிக்கொள்ளும் முறை உண்டு. அது கார்களுக்கு நன்றாக இருக்கும். மணிக்கு நாலு கிலோமீட்டர் நடக்கிறவர்களை அது நிற்பதாகவே எடுத்துக்கொள்ளும். எனவே நடப்பவருக்கு 3 நிமிடம், வண்டிகளுக்கு 2 நிமிடம் என்று நிரந்தர இடைவெளி. இதுதான் பின்னால் எங்களை ஏமாற்றியதில் பங்கு வகித்தது என்பது அன்று தெரியாது.

அண்ணாச்சியின் ஆட்டோவில் வைத்த டிராக்கர் (தானாக இடம் அனுப்பும் பெட்டி) எங்களில் ஒருவர் கையால் செய்தது. ஒரு ஆர்டுயினோ சுற்றுப் பலகை, ஒரு ஜிபிஎஸ் வில்லை, ஒரு பழைய ஹேண்டி. அனுப்ப மட்டும் தெரியும், கேட்கத் தெரியாது. பெட்டியைப் பின் இருக்கைக்குப் பின்னால் வைத்து, வானொலி ஆன்டெனாவை மட்டும் கேபிள் இழுத்துக் கூரையில் காந்தத்தால் ஒட்டினோம். ஜிபிஎஸ் வில்லை பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஆட்டோவின் கூரை ரெக்சின் துணி, வானம் தெரியும், போதும் என்று விட்டுவிட்டோம். காந்தத்துக்கு மட்டும் முன்பக்கச் சட்டத்தில் ஒரு தகரத் துண்டு.

கடைசியாக, அரை மணிக்கு ஒரு முறை குரலில் எல்லோரையும் கூப்பிட்டு இடம் கேட்பது, அதாவது ரோல் கால், என்று பேசிக்கொண்டோம். எழுதி வைக்கவில்லை.

முதல் இரவு

பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செய்துங்கநல்லூர் வரை மாணவியின் பொதிகளில் பாதிகூடப் பிரித்தறியப்படவில்லை. சத்தம் கேட்கிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கைபேசியின் ஒலியளவு அதிகமாக இருந்து, ஹேண்டியில் நுழையும்போதே ஒலி சிதைந்திருக்கிறது. பாதியாகக் குறைக்கச் சொன்னதும் வர ஆரம்பித்தது. புதிதாகச் செய்கிற எல்லோரும் ஒரு முறை இதில் விழுவார்கள். பலமாகக் கத்தினால் தூரம் போகும் என்ற எண்ணம் இங்கே செல்லாது.

அதிகாலை நாலு மணிக்கு எல்லோரும் புதுக்குடி வந்து சேர்ந்தார்கள். புள்ளிகள் சொன்னதும் குரலில் சொன்னதும் இரவு முழுக்க ஒத்துப்போயின. அந்த ஒற்றுமைதான் எங்களைக் கெடுத்தது.

இரண்டாம் இரவு

10ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குப் புதுக்குடியிலிருந்து நடை தொடங்கியது. நல்ல நிலா. எட்டரை மணிக்குத் தென்திருப்பேரை அருகே சாப்பாடு. எலுமிச்சைச் சாதமும் துவையலும். ஒன்பது மணி வாக்கில் கூட்டம் நகர்ந்தது. ஏழரை மணிக்கு ஒரு முறை குரலில் ரோல் கால் எடுத்தேன். எட்டு மணிக்கும் எடுத்தேன். அப்புறம் எடுக்கவில்லை. படத்தில்தான் எல்லாம் தெரிகிறதே, சாப்பிடுகிறவர்களை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

9.16க்கு ஆட்டோவின் புள்ளி தென்திருப்பேரையைத் தாண்டி அரைக் கிலோமீட்டரில் நின்றது. 9.18, 9.20, 9.22 என்று பொதி வந்துகொண்டே இருந்தது, புள்ளி அதே இடத்தில். கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும் வரை அண்ணாச்சி காத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வரைபட மென்பொருளில் பொதி வராமல் போன நிலையம் மெல்ல மங்கும். இது மங்கவில்லை, பளிச்சென்று இருந்தது. அதனால் சந்தேகமே வரவில்லை.

10.21க்குக் குழுத் தலைவர் எனக்குப் போன் செய்தார். வாலுக்குக் கொஞ்சம் முன்னால், அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் தலைசுற்றி ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை நோய் உண்டு, இரவு மாத்திரை போட்டுவிட்டார், சாப்பாடு சரியாக இறங்கவில்லை. நினைவு இருக்கிறது, வியர்க்கிறது. இடம் குரும்பூருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால்.

திரையைப் பார்த்தேன். ஆட்டோ அவருக்கு மூன்றரைக் கிலோமீட்டர் பின்னால், ஒரு மணி நேரமாக நிற்கிறது. தண்ணீர் வேன் மூன்று கிலோமீட்டர் முன்னால், குரும்பூரில். ஆட்டோவைக் குரலில் ஒரு முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. ஏ.பி.ஆர்.எஸ். வழியாகவே ஒரு செய்தி அனுப்பினேன். கேட்கத் தெரியாத கருவிக்கு அனுப்புகிறோம் என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. அண்ணாச்சியின் கைபேசி அடித்தது, எடுக்கவில்லை. ஒரு மணி நேரமாக நகராத வண்டி, பதில் சொல்லாத ஆள். ஆட்டோ பழுதாகி நிற்கிறது என்று முடிவு கட்டினேன். தண்ணீர் வேனைத் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

சாலை முழுக்க காவிக் கூட்டம், எதிரே பேருந்துகள். வேன் திரும்பி வந்து சேர 10.46 ஆனது. அதுவரை அவரோடு நடந்து வந்தவர் மடியில் வைத்திருந்த கருப்பட்டியைக் கடித்து உடைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். எங்கள் தொழில்நுட்பத்தைவிட அந்தக் கருப்பட்டிதான் அன்று வேலை செய்தது. வேனில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரை அளவு இறங்கியிருந்தது. சிகிச்சைக்குப் பின் காலையில் அனுப்பிவிட்டார்கள். அவர் குடும்பத்தோடு கோயிலுக்கும் போய் வந்தார்.

10.52க்கு அண்ணாச்சி குரலில் வந்தார்.

"கண்ட்ரோல், கூப்பிட்டீயளா? கீழ இறங்கி ஒரு பாட்டிக்குக் கால்ல கட்டுப் போட்டுட்டு இருந்தேன்."

"அண்ணாச்சி, வண்டி என்னாச்சு? தென்திருப்பேரைலயே நிக்கீயளே?"

"நான் எங்க நிக்கேன்? குரும்பூருக்குப் பக்கத்துல வந்துட்டோம்லா!"

தலைசுற்றியவர் உட்கார்ந்திருந்த பாலத்திலிருந்து அப்போது ஆட்டோ நின்ற இடம் 400 மீட்டர். இரண்டு நிமிடத்தில் போயிருக்கலாம். வேன் வர 25 நிமிடம்.

பதிவேட்டில் கண்டது

மறுநாள் தூங்கி எழுந்து கணினியின் பதிவேட்டைப் படித்தோம். 9.16 முதல் அண்ணாச்சி பெட்டியைத் திறந்து பார்த்த 10.58 வரை வந்த பொதிகள் அனைத்திலும் ஒரே அட்சரேகை, ஒரே தீர்க்கரேகை. இதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்த வடிவத்தில் இடம் கோண நிமிடத்தில் (ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு) நூறில் ஒரு பங்கு வரைதான் எழுதப்படும். அது தரையில் சுமார் 18 மீட்டர். நிஜமாகவே நிற்கிற வண்டிகூட அதே எண்ணைத்தான் காட்டும்.

ஆனால் அதே பொதியில் இன்னும் இரண்டு எண்கள் இருந்தன. உயரம்: 59 அடி, ஒவ்வொரு முறையும் 59 அடி. ஜிபிஎஸ் உயரம் நிற்கிற இடத்திலும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், ஒரு மணி நேரம் ஒரே எண்ணில் நிற்காது. இன்னொன்று திசையும் வேகமும்: "128/011". தென்கிழக்கே, 11 நாட் வேகம், அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர். ஒரு மணி நேரமாக ஓரிடத்தில் நிற்கிற ஆட்டோ மணிக்கு 20 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருப்பதாக, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் புள்ளியைப் பார்த்தேன். பொதியைப் படிக்கவில்லை.

நடந்தது இதுதான். சாப்பாடு முடிந்ததும் காலி அண்டாவை ஆட்டோவின் பின்பக்கம் ஏற்றியிருக்கிறார்கள். கிளம்பியதும் ஒரு வேகத்தடையில் அது சரிந்து, டிராக்கர் பெட்டியின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்துகொண்டது. ஜிபிஎஸ்ஸுக்கு வானம் மறைந்தது. வானொலி ஆன்டெனா கூரையில்தானே, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஜிபிஎஸ் வில்லை தன் கடமையைச் சரியாகச் செய்தது: அது தரும் ஆர்.எம்.சி. வரியில் இடம் செல்லும் என்றால் "ஏ", செல்லாது என்றால் "வி" என்று ஓர் எழுத்து வரும். "வி" என்றே சொல்லியிருக்கிறது. எங்கள் நிரல் அந்த எழுத்தைப் பார்க்கவே இல்லை. கடைசியாகக் கிடைத்த நல்ல எண்ணை வைத்துக்கொண்டு அதையே அனுப்பியது. பொதி புதிது, உள்ளே இருந்த இடம் பழையது.

பிப்ரவரி 16 ஞாயிறு, மொட்டைமாடியில் அதே டிராக்கரை வைத்து அதே அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடுத்த பொதியிலேயே உறைந்தது. அண்டாவோடு கட்டடத்தைச் சுற்றி நடந்தால் புள்ளி அசையவில்லை. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

எங்கே தவறினோம்

நிரலின் பிழையை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. நிரல் எழுதிய நண்பர் மிகவும் நொந்துபோனார்; ஆனால் என் பங்கு அதைவிடப் பெரிது. ரோல் காலை நிறுத்தியது நான். ஒரு முறை கூப்பிட்டுவிட்டு விட்டதும் நான். ஒன்பதரைக்குக் கூப்பிட்டிருந்தால் அண்ணாச்சி தென்திருப்பேரையில் இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

ஏ.பி.ஆர்.எஸ். வண்டிகளைப் பின்தொடரும் கருவி அல்ல, இருவழித் தகவல் பரிமாற்றம் என்று புரூனிங்கா திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். முன்பு படித்தபோது, அவருக்கு அதில் ஒரு பிடிவாதம் என்று தோன்றியது. நாங்கள் ஒருவழிப் பெட்டி ஒன்றை வைத்து, அதற்குச் செய்தி அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று உட்கார்ந்திருந்தோம். கேட்காத பெட்டிக்கு இன்னொரு குறையும் உண்டு: அலை காலியா என்று பார்க்காமல் அனுப்புவதால் மற்றவர் பொதிமேல் ஏறி விழும். அன்று மாணவியின் சில பொதிகள் தொலைந்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கும்.

நிரந்தர இடைவெளி வைத்தது தவறு என்று இன்னும் சொல்லமாட்டேன். நடப்பவர்களுக்கு அது தேவை. ஆனால் "தவறாமல் வருகிறது" என்பதை "சரியாக வருகிறது" என்று எடுத்துக்கொள்ள அது ஒரு வசதி செய்து கொடுத்தது.

மாற்றியவை

டிராக்கர் நிரல் இப்போது "வி" வந்தால் இடத்தை அனுப்பாது; "ஜிபிஎஸ் இல்லை" என்று ஒரு நிலைச் செய்தியை மட்டும் அனுப்பும். படத்தில் புள்ளி மங்கிப்போகும், செய்தி வந்துகொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் இருக்கிறார், இடம்தான் தெரியவில்லை என்று புரியும். பொதியின் வடிவத்தையும் மாற்றினோம். ஆச்சரியக்குறியில் தொடங்கும் நேரமில்லாத வடிவத்தை விட்டுவிட்டு, சாய்கோட்டில் தொடங்கும் நேரமுத்திரை உள்ள வடிவம். அந்த நேரம் ஜிபிஎஸ் கடைசியாக இடம் பிடித்த நேரம், பொதி கிளம்பிய நேரம் அல்ல. உலகப் பொது நேரத்தில் வருவதால் ஐந்தரை மணி நேரம் கூட்டிப் படிக்க வேண்டும். முதல் நாள் இதிலேயே இரண்டு பேர் குழம்பினோம்.

அடுத்த முறை வண்டியில் வைப்பது கேட்கவும் தெரிந்த வானொலியாகத்தான் இருக்கும். அதுவரை பழைய பெட்டியில் "செய்தி வாங்காது" என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம். அதே வாசகம் அந்த நிலையத்தின் குறிப்பு வரியிலும் போகிறது. ஜிபிஎஸ் வில்லை கூரைக்கு ஏறிவிட்டது.

ரோல் கால் தாள் ஒன்று அச்சடித்தோம். அரை மணிக்கு ஒரு கட்டம். குரலில் சொன்ன இடம் ஒரு பத்தி, படத்தில் தெரிந்த இடம் ஒரு பத்தி. இரண்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேறுபட்டால் குரல்தான் சரி என்று எடுத்துக்கொள்வது. பதில் வராவிட்டால் ஐந்து நிமிடம் விடாமல் கூப்பிடுவது, அருகில் உள்ள இன்னொரு நிலையத்தைத் தேடிப்போகச் சொல்வது. வண்டியை விட்டு இறங்குகிறவர் ஹேண்டியைக் கையோடு எடுத்துப் போவது. இந்தத் தாளோடு ஏப்ரல் 11 பங்குனி உத்திரத்துக்கு ஒரு சிறு குழுவோடு போய்வந்தோம். ஒரு முறை இரண்டு பத்தியும் வேறுபட்டன. கைபேசி பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருந்தது, குரல் சரியாக இருந்தது.

யாத்திரைக் குழுத் தலைவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். அடுத்த தைப்பூசத்துக்கும் வரச் சொல்லியிருக்கிறார். அவர் பங்குக்கு ஒரே ஒரு மாற்றம்: அண்டா இனிமேல் தண்ணீர் வேனில்.